கார்பன் அக்காவின் எண்பது எம்.பி.

குரோம்பேட்டையில் மெட்டில்டாவிடம் போய் "இடம் இல்லை" என்று யாராவது சொன்னால், சொன்ன கையோடு இரண்டடி தள்ளி நின்றுகொள்வது உத்தமம். மின்சார ரயிலில் மூன்று பேர் பலகையில் நாலாவதாக உட்கார்ந்து, அடுத்த ஸ்டேஷனில் ஏறும் பிள்ளைத்தாய்ச்சியை ஐந்தாவதாகவும் உட்காரவைக்கிற ஆள் அவள். முறைத்தவர்களைத் திருப்பி முறைப்பாள். சண்டைக்காரி என்று சிலர் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அவளால் உட்கார இடம் கிடைத்தவர்கள் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

எண்பத்து நாலில் அவள் கடை பிடித்த கதையே அப்படித்தான். ஜி.எஸ்.டி. ரோட்டில் முனிரத்தினம் என்பவர் புதிதாகக் கட்டடம் எழுப்பியிருந்தார். முன்பக்கக் கடைகளெல்லாம் போய்விட்டன. மிச்சம் இருந்தது மாடிப்படிக்கு அடியில் இருந்த சந்து ஒன்றுதான்.

"இங்க சைக்கிள் வுடலாம், அவ்ளோதான். கடை வெக்கல்லாம் எடம் இல்லம்மா," என்றார் அவர்.

"சைக்கிள் நிக்கிற எடத்துல நான் உக்காரமாட்டேனா சார்?" என்றாள் மெட்டில்டா.

மேஜை வாசலில் நுழையவில்லை. தச்சரைப் பலகைகளோடு உள்ளே அனுப்பி, உள்ளேயே வைத்து அறையச் சொன்னாள். அந்த மேஜை இன்றுவரை வெளியே வந்ததில்லை, கட்டடத்தை இடித்தால்தான் வரும். மேஜை மேல் ஒரு இங்கிலீஷ் டைப்ரைட்டர், ஒரு தமிழ் டைப்ரைட்டர். வாசலில் 'மெட்டில்டா ஜாப் டைப்பிங்' என்று பலகை. நிமிர்ந்து எழுந்தால் படி மண்டையில் இடிக்கும் என்பதால் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவளுக்குத் தலை குனிந்தபடிதான் பேச வேண்டும். அது அவளுக்குப் பிடித்திருந்தது என்றே நினைக்கிறேன்.

கடைக்கு ஒரு சட்டம் உண்டு. எந்தத் தாளும் கார்பன் காப்பி எடுக்காமல் வெளியே போகக் கூடாது. வாடகை ஒப்பந்தமோ, வேலைக்கு விண்ணப்பமோ, எஞ்சினியரிங் கல்லூரிப் பையன்களின் புராஜெக்ட் ரிப்போர்ட்டோ, ஒரிஜினல் ஒன்று, கார்பன் ஒன்று. கார்பனைக் கேட்டாலும் தரமாட்டாள். "அது என்னோடது," என்பாள்.

ஒருநாள் காலை ஒரு கல்லூரி மாணவன் முகமெல்லாம் வீங்கி வந்து நின்றான். அன்றைக்கு மதியம் ரிப்போர்ட் ஒப்படைக்க வேண்டும். கட்டு முழுவதையும் ரயில் பரணில் வைத்துவிட்டுத் தாம்பரத்தில் இறங்கிவிட்டான், ரயில் பீச்சுக்குத் திரும்பிப் போய்விட்டது. விக்கி விக்கி இதைச் சொல்லிவிட்டு அழுதுகொண்டே நின்றான். மெட்டில்டா அடித்துக்கொண்டிருந்த வரியை முடித்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல், "தனம், மூணாவது தட்டு," என்றாள். பம்மலிலிருந்து வந்து அவளிடம் வேலை செய்துகொண்டிருந்த தனம், கட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அன்றிலிருந்து அந்த வட்டாரத்தில் அவள் பெயர் கார்பன் அக்கா. கடைப் பலகையில் இருந்த பெயரை அப்புறம் யாரும் படிக்கவேயில்லை.

இந்த 'இடம் இல்லை' மேல் அவளுக்கு ஏன் இத்தனை கோபம் என்று தெரிய வேண்டுமானால் அவள் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரத்தினபாய் என்று பெயர். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அவர்களுடைய கிறிஸ்தவ சபைக்குக் கோயில் கட்டியபோது, கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் பாதி வந்தது பெண்களின் கைப்பிடி அரிசியிலிருந்து. தினம் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாகப் போட்டுவைப்பார்கள். வாரம் ஒருமுறை ரத்தினபாயும் இன்னும் சில பெண்களும் வீடு வீடாகப் போய் அதைச் சேர்த்து விற்றுக் கோயிலுக்குக் கொடுத்தார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பைச் சுற்றிக்கொண்டு நடந்து வந்த பெண்களும் அதில் உண்டு. தன் வீட்டில் அன்றைக்கு உலையே இல்லாவிட்டாலும் அடுத்த நாள் இரண்டு பிடியாகப் போட்டவர்களும் உண்டு.

எழுபதில் சபைக்கு வெள்ளி விழா வந்து ஒரு மலர் போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த மெட்டில்டா, அம்மா அந்தப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டியதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கமிட்டி ஆட்களின் பெயரெல்லாம் இருந்தது. கடைசியில் ஒரு வரி: 'மற்றும் சகோதரிகள்'. ரத்தினபாய் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, "பேர் போட இடம் இருந்திருக்காது," என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். அம்மா அழவில்லை. மகளுக்குத்தான் நெஞ்சு எரிந்தது, அதற்கப்புறம் அந்த எரிச்சல் அணையவேயில்லை. அம்மாவுக்கோ அந்தப் பெண்கள் எல்லாரும் மனப்பாடம். அரிசியில் கல் பொறுக்கும்போதெல்லாம் தெரு வாரியாக அவர்கள் பெயரைச் சொல்லிக் கதை சொல்வாள். எண்பத்தெட்டில் கண் மூடும்வரை சொன்னாள்.

தொண்ணூற்றிரண்டில் கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. இங்கிலீஷ் டைப்ரைட்டரைத் தூக்கி வீட்டுப் பரண்மேல் போட்டுவிட்டு அந்த இடத்தில் வைத்தாள். கொண்டுவந்து பூட்டியவன் தாம்பரத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் வில்பிரட். நல்ல பையன், கல்யாணம் ஆன பிறகும் எல்லாரும் அவனைப் பையன் என்றே சொல்வார்கள். "எண்பது எம்.பி. டிஸ்க் அக்கா. சி டிரைவ் நாப்பது, டி டிரைவ் நாப்பதுன்னு ரெண்டாப் பிரிச்சுக் குடுத்திருக்கேன்," என்றான். எண்பது எம்.பி. என்பது இன்றைக்கு ஒரு கல்யாண வீடியோவில் தாலி கட்டுவது வரைக்கும்கூடக் காணாது. அன்றைக்கு அது கடல்.

இரண்டு டிரைவ் என்றதும் மெட்டில்டா ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை. சி ஒரிஜினல், டி கார்பன். இதைவிடத் தெளிவாக வேறென்ன வேண்டும்? கடைச் சட்டம் கம்ப்யூட்டருக்கும் செல்லும் என்று அறிவித்தாள். சாயங்காலம் கடை சாத்துவதற்கு முன்னால் சி-யில் இருப்பதையெல்லாம் தனம் அப்படியே டி-யில் காப்பி எடுப்பாள். காய்ச்சல் அடித்தாலும் எடுப்பாள். மூன்று வருஷம் இந்த வழிபாடு தடையில்லாமல் நடந்தது.

தொண்ணூற்றைந்தில் சபைக்குப் பொன்விழா. ஞாயிறு ஆராதனை முடிந்து கூடிய கூட்டத்தில் சபைச் செயலாளர் எலியேசர் எழுந்து மலர் பற்றிச் சொன்னார். மத்திய அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்தவர், சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது.

"மவுண்ட் ரோட்ல பெரிய பிரஸ்ல பேசியாச்சு. வாழ்த்துரை, கமிட்டி போட்டோ, விளம்பரம் எல்லாம் வந்துரும். கைப்பிடி அரிசி சேர்த்தவங்க பேர் போடணும்னு சிலர் கேக்கறாங்க. அதுக்கெல்லாம் இடம் இல்ல. வழக்கம்போல 'மற்றும் சகோதரிகள்'னு ஒரு வரி போட்ரலாம்."

பெண்கள் பக்கத்திலிருந்து மெட்டில்டா எழுந்தாள்.

"நான் அடிச்சுத் தரேன் சார். என் கம்ப்யூட்டர்ல. அத்தனை பேர் பேரும் வரும்."

"தமிழ்லயாம்மா?"

"தமிழ்லதான்."

"பொன்விழாப் பண்டிகைக்கு முன்னாடி புத்தகம் கையில இருக்கணும். இல்லன்னா சபைக்குத்தான் அவமானம்."

"இருக்கும் சார். இல்லன்னா அப்புறம் என்னை சபைல பேசவே விடாதீங்க."

பாஸ்டர் சிரித்துக்கொண்டே, "சரி, சிஸ்டர் செய்யட்டும்," என்று முடித்துவைத்தார். பெண்கள் பக்கம் கைதட்டல் எழுந்தது. மெட்டில்டா தலை நிமிர்ந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அவள் கம்ப்யூட்டரில் தமிழே கிடையாது.

மறுநாள் வில்பிரட் மொபெட்டில் வந்து இறங்கினான். பக்கம் அமைக்கும் சாஃப்ட்வேர், அதோடு தமிழ் எழுத்துகள். ஃபிளாப்பிகள் செங்கல் உயரத்துக்கு இருந்தன. முதல் ஃபிளாப்பியைப் போட்டான். கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் முனகிவிட்டு ஒரு வரி காட்டியது. டிஸ்கில் போதிய இடம் இல்லை.

"என்ன சொல்லுது?" என்றாள் மெட்டில்டா, இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தவள்.

வில்பிரட் அவள் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் பயந்தான். "அது வந்து அக்கா... சி ஃபுல்லா இருக்கு. இருங்க, டி-ல போட்ரலாம். என்னது, டி-யும் ஃபுல்லா? டி-ல என்ன இருக்கு அவ்ளோ?"

"கார்பன்," என்றாள் தனம் பெருமையாக. "தெனம் சாயங்காலம் எல்லாத்தியும் எட்த்து வெச்சிகினுதான் வூட்டுக்குப் போவேன். ஒரு நாள் வுட்டது இல்ல."

வில்பிரட் டி-யைத் திறந்து பார்த்தான். சி-யில் இருந்த ரிப்போர்ட்டுகள் மட்டுமில்லை, வேர்ட்ஸ்டார், விண்டோஸ், சீட்டு விளையாட்டு எல்லாமே அச்சு அசலாக அங்கேயும் உட்கார்ந்திருந்தன. அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஐயோ தனம், சாஃப்ட்வேருக்குமா கார்பன் எடுப்ப? அதோட ஃபிளாப்பிதான் தட்டுல இருக்கே!"

"சிரிக்காத," என்றாள் மெட்டில்டா. "கார்பன்னா எல்லாத்துக்கும்தான். நாளைக்கு சி போச்சுன்னா டி இருக்கும் இல்ல?"

வில்பிரட்டின் சிரிப்பு நின்றது. ஸ்குரூடிரைவரை எடுத்துப் பெட்டியின் மூடியைக் கழற்றினான். உள்ளே, ஒரு சின்ன டிபன் டப்பா அளவில், ஒரே ஒரு தகரப் பெட்டி இருந்தது.

"இதுதான் அக்கா சி."

"டி எங்க?"

"இதேதான் டி-யும். ஒரே டிஸ்க். நடுவுல தடுப்பு வெச்சாப்பல. இது போச்சுன்னா ரெண்டும் சேர்ந்து போயிரும்."

மெட்டில்டா அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷமாகத் தான் கார்பன் என்று நம்பி நிம்மதியாகத் தூங்கியது கார்பனே இல்லை. இந்தப் பெட்டி போயிருந்து, யாராவது மாணவன் அழுதுகொண்டு வந்து நின்றிருந்தால் மூன்றாவது தட்டில் ஒன்றுமே இருந்திருக்காது. விடுவிடுவென்று எழுந்தாள், மண்டையில் படி இடித்தது, அதைக்கூடத் தடவிக்கொள்ளாமல் வெளியே போய் ஜி.எஸ்.டி. ரோட்டில் போகிற பஸ்களைப் பார்த்தபடி நின்றாள்.

"பெரிய டிஸ்க் ஒண்ணு வாங்கிரலாம் அக்கா," என்று வில்பிரட் பின்னாலேயே வந்து சமாதானம் சொன்னான். "ஆனா ஆர்டர் பண்ணா எப்ப வரும்னு சொல்ல முடியாது, வர்றதுக்குள்ள பண்டிகையே வந்தாலும் வந்துரும்."

"பெரிசும் வேணாம், சின்னதும் வேணாம். கார்பன் இருக்க வேண்டிய இடம் பெட்டிக்கு உள்ள இல்ல, வெளில. இத்தனை நாள் நான்தான் அதை உள்ள போட்டு அடைச்சு வெச்சிருக்கேன். வா."

அன்றிலிருந்து ஒரு வாரம் கடையில் வேறு வேலையே நடக்கவில்லை. ரிப்போர்ட்டுகளையெல்லாம் ஃபிளாப்பிகளில் காப்பி எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் பெயர் ஒட்டி, ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவில் அடுக்கினார்கள். டப்பா கடையில் தங்கவில்லை, பொழிச்சலூருக்கு அவள் வீட்டுக்குப் போய்க் கட்டிலடியில் உட்கார்ந்தது. அவள் கணவர் தயாளன் ஆசையாகத் திறந்து பார்த்துவிட்டு, "பிஸ்கட் எங்கடி?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். அவர்கள் வீட்டில் மழை ஒழுகாத ஒரே இடம் அந்தக் கட்டிலடிதான்.

டி காலியானது. வில்பிரட் மறுபடி ஃபிளாப்பிகளை வரிசையாகப் போட ஆரம்பித்தான். பாதிச் செங்கல் கரைந்தது. தனம் ஒவ்வொரு ஃபிளாப்பியையும் துடைத்து நீட்டினாள். திடீரென்று மறுபடியும் அதே வரி. போதிய இடம் இல்லை.

"ஏன்? டி காலியாத்தானே இருக்கு?" மெட்டில்டாவின் குரல் படியேறி மாடிவரை கேட்டது.

"சாஃப்ட்வேர் டி-லதான் போகுது அக்கா. ஆனா சி-லயும் இடம் கேக்குது. ஏன்னு தெரியல."

"ஃபிளாப்பில சுருட்டி வெச்சிருக்கறத விரிக்கணும் இல்ல? எங்க வெச்சு விரிக்குது? நாங்க ரஃப் அடிக்க ஒரு தாள் தனியா வெச்சுக்குவோமே, அந்த மாதிரி அதுக்கு ரஃப் தாள் எங்க இருக்கு?"

வில்பிரட் தலையில் அடித்துக்கொண்டான். "டெம்ப்! டெம்ப் ஃபோல்டர் சி-ல இருக்கு. எனக்கு ஏன் இது தோணல?"

"அந்த ரஃப்பையும் டி-ல வெச்சுக்கோன்னு சொல்ல முடியுமா?"

"முடியும் அக்கா. ஒரே வரி."

அந்த ஒரு வரியை எழுதிவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். இந்தத் தடவை செங்கல் முழுக்க உள்ளே போயிற்று. வெள்ளைத் திரை வந்தது. எழுத்துப் பலகை தமிழ் டைப்ரைட்டர் முறையிலேயே இருந்ததால் மெட்டில்டாவின் விரல்கள் யாரையும் வழி கேட்கவில்லை. முதலில் அடித்த சொல் 'ரத்தினபாய்'. திரையில் அந்தப் பெயர் அத்தனை அழகாக நின்றது. அவள் அதைப் பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள், திரை முழுக்க அம்மா பெயர்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பார்த்தியா, இடம் இருக்கு," என்றாள்.

அக்டோபர் முழுக்க அடித்தார்கள். சபை வரலாறு, வாழ்த்துரைகள், பாடகர் குழு, ஞாயிறு பள்ளி. சாயங்காலமானால் அன்றைய பக்கங்கள் ஃபிளாப்பியில் ஏறி, மெட்டில்டாவின் கைப்பையில் பொழிச்சலூர் பஸ் ஏறும். எலியேசர் ஒருமுறை வந்து குனிந்து எட்டிப்பார்த்தார். "பரவாயில்லையே," என்றார். பிறகு, "அந்தப் பேர் சமாசாரம் மட்டும் வேணாமேம்மா. எங்கம்மாவும்தான் அரிசி சேர்த்தாங்க. அவங்க பேர் போடணும்னு நான் கேக்கறேனா? இடம் வீண்," என்றார்.

மெட்டில்டா பல்லைக் கடித்துக்கொண்டு, "டீ சாப்பிடறீங்களா சார்?" என்று மட்டும் கேட்டாள்.

பெயர்ப் பக்கத்தைக் கடைசிக்கு என்று வைத்திருந்தாள். நவம்பரில் மழை பிடித்துக்கொண்ட ஒரு பகல் நேரத்தில், சபையின் மூத்தவர்களிடம் தனம் கேட்டுக் குறித்துவந்த பெயர்களை மெட்டில்டா அடித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போய், வந்து, மறுபடி போயிற்று. திரும்பி வந்தபோது பெட்டிக்குள்ளிருந்து கடக், கடக் என்று ஒரு சத்தம். திரையில் ஒன்றுமில்லை.

வில்பிரட் நனைந்துகொண்டே வந்து பார்த்தான். காதை வைத்துக் கேட்டான். உதட்டைப் பிதுக்கினான். "டிஸ்க் போச்சு அக்கா."

"சி-யா, டி-யா?" என்று கேட்டாள் தனம், பழக்க தோஷத்தில்.

"ரெண்டும்."

"இன்னாக்கா இது பேஜாரு!" என்று தனம் மூலையில் உட்கார்ந்துவிட்டாள். மெட்டில்டா உட்காரவில்லை.

"எழுந்திருடி. பெட்டிதானே போச்சு? கார்பன் பொழிச்சலூர்ல இருக்கு. வில்பிரட், உன்கிட்ட ஏதாவது டிஸ்க் இருக்கா?"

"பழசு ஒண்ணு இருக்கு அக்கா. ஆனா நாப்பது எம்.பி.தான். இதுல பாதி. விண்டோஸ் போட்டு இந்த சாஃப்ட்வேரையும் போட்டா..." அவன் அந்தச் சொல்லைச் சொல்ல வாயெடுத்தான். மெட்டில்டா பார்த்த பார்வையில் விழுங்கிக்கொண்டான். "போட்டா கொஞ்சம் நெருக்கமா இருக்கும்."

"நெருக்கித்தான் உக்காரணும். கொண்டா."

அந்த நாற்பது எம்.பி.யில் அவள் குடித்தனம் வைத்ததைப் பார்த்திருக்க வேண்டும்! ஒரு பையில் கல்யாணத்துக்குப் புடவை அடுக்குகிறவள் மாதிரி ஒவ்வொன்றாகக் கையிலெடுத்து, இது வேண்டுமா என்று கேட்டாள். "மாதிரிப் படமா? நம்ம கோயில் படம் இருக்கு, வேணாம். இங்கிலீஷ் எழுத்து இத்தனை தினுசா? ஒண்ணு போதும். உதவிக் குறிப்பா? உதவிக்குத்தான் நீ இருக்கியே." வில்பிரட் சிரித்துக்கொண்டே தள்ளினான். சீட்டு விளையாட்டின் முறை வந்தபோது தனம் பதறினாள்.

"அக்கா, அது குட்டியா கீது அக்கா! அத்தப் போய் இன்னாத்துக்கு?"

"உன் ராஜா ராணியை எடுத்தா எங்கம்மா கூட்டாளி நாலு பேர் உள்ள வருவாங்கடி."

தனம் ஒரு பெருமூச்சு விட்டு, தானே அதை அழிக்கும் கட்டளையை அடித்தாள். சாஃப்ட்வேர் ஏறியது. புத்தகத்துக்கு டிஸ்கில் இடம் வைக்கவேயில்லை. ஒரு ஃபிளாப்பியைப் போட்டு, அதிலிருக்கும் பக்கங்களை மட்டும் திறந்து, திருத்தி, திரும்ப ஃபிளாப்பியிலேயே எழுதி, அடுத்ததை எடுத்தார்கள். மெதுவாகத்தான் நடந்தது, ஆனால் நடந்தது. பிஸ்கட் டப்பாவிலிருந்து சபையின் ஐம்பது வருஷமும் பக்கம் பக்கமாக எழுந்து வந்தது.

வராதது ஒன்றுதான். கரண்ட் போன நேரத்தில் அடித்துக்கொண்டிருந்த பெயர்ப் பக்கம். அதற்கு இன்னும் கார்பன் எடுக்கவில்லை, பெயர்களைக் குறித்துவந்த தாளும் அன்றைக்குக் கடைக்குள் புகுந்த மழையில் கரைந்துபோயிருந்தது. தனம் கவலையோடு, "பெருசுங்ககிட்ட மறுக்கா போய்க் கேட்டுகினு வரட்டா?" என்றாள்.

"வேணாம்," என்றாள் மெட்டில்டா.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விரல்களை எழுத்துப் பலகையில் வைத்தாள். அம்மாவின் அரிசிமுறத்தின் சத்தம் காதில் விழுந்தது. ரயில்வே கேட் தெருவில் தொடங்கினாள். அங்கிருந்து ஸ்டேஷன் பக்கம், அப்புறம் பம்மல் பாதை, அப்புறம் பள்ளிக்கரணையிலிருந்து சேற்றுக்காலோடு வருகிறவர்கள். அம்மா எந்த வரிசையில் சொல்வாளோ அதே வரிசையில் விரல் ஓடியது. ஓர் இடத்தில்கூடத் தயங்கவில்லை. முடிந்ததும் தனம், தான் கேட்டுக் குறித்துவந்ததில் ஞாபகம் இருந்த பெயர்களையெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. அவள் சொல்லாத பெயர்களும் இருந்தன. "சோக்கா கீதுக்கா," என்றாள் தனம். மெட்டில்டாவுக்கு அன்றைக்கு இருந்த பெருமையை வைக்க அந்த மாடிப்படிச் சந்து போதவில்லை.

தாம்பரத்தில் லேசர் பிரிண்ட் எடுத்து, அங்கேயே அச்சகத்தில் கொடுத்து, பண்டிகைக்கு முந்தின வாரமே புத்தகம் வந்து சேர்ந்தது. வீட்டுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு அடித்திருந்தார்கள். பண்டிகை நாளில் ஆராதனையில் பாஸ்டர் முதல் பிரதியைப் பீடத்தில் வைத்து ஜெபித்தார். வெளியே பந்தலில் அசன விருந்துக்கு வரிசை நின்றது. மெட்டில்டாவும், அவளோடு வந்திருந்த தனமும் வாசலில் மேஜை போட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். பெண்கள் வாங்கிய கையோடு நின்ற இடத்திலேயே அந்தப் பக்கத்தைத் தேடிப் பிரித்தார்கள். "எங்க அத்தை!" "இதோ எங்கம்மா!" என்று சத்தம் போட்டார்கள். சாப்பாட்டு வரிசை நகரவே மாட்டேன் என்றது. சோறு ஆறுகிறது என்று பந்தி பார்ப்பவர்கள் கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை.

எலியேசரும் புத்தகத்தோடு வரிசையில் நின்றிருந்தார். கமிட்டிப் போட்டோவில் தன்னைப் பார்த்துக்கொண்டார். பக்கத்தைத் திருப்பினார். அப்புறம் அவர் நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவர் வரிசையை விட்டு விலகி மேஜைக்கு வந்தார். விரல் ஒரு பெயரின் மேல் இருந்தது. கனகவல்லி.

"எங்கம்மாவை எல்லாரும் எலியேசர் அம்மான்னுதான் சொல்லுவாங்க," என்றார். "இந்தப் பேர் உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"எங்கம்மா சொன்னாங்க சார். மழைநாள்ல ரெண்டு பேரும் ஒரே சாக்கைத் தலைல போட்டுக்கிட்டு அரிசி வாங்கப் போவாங்களாம். கனகவல்லி மூட்டைய அவங்களே சுமப்பாங்களாம், எங்கம்மாகிட்ட தரமாட்டாங்களாம்."

எலியேசர் கண்ணாடியைக் கழற்றினார். இஸ்திரி போட்ட சட்டைக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் இடம் வீண்னு சொன்னேன்," என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "இன்னொண்ணு கிடைக்குமா? ஊர்ல எங்க அக்கா இருக்கா. அவ பார்க்கணும்," என்றார்.

மேஜையில் புத்தகம் தீர்ந்துவிட்டிருந்தது. தனம் கையை விரித்தாள். மெட்டில்டா தன் கைப்பையைத் திறந்தாள். தனக்கென்று அவள் எடுத்துவைத்திருந்த பிரதி அதில் இருந்தது. அதை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் இரண்டு புத்தகத்தையும் மார்போடு அணைத்துக்கொண்டு, சாப்பிடாமலேயே மரத்தடிக்குப் போய் உட்கார்ந்து மறுபடி அந்தப் பக்கத்தைப் பிரித்தார்.

தனத்துக்கு ஆறவில்லை. "இன்னாக்கா, அல்லாத்தியும் குட்த்துட்டியே! உனக்குன்னு ஒண்ணு வேணாவா? கடைச் சட்டம் இன்னா ஆச்சு?"

மெட்டில்டா கைப்பையை மூடித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அது பத்திரமா இருக்குடி, கட்டிலடில, பிஸ்கட் டப்பால. வா, பந்தில இடம் பிடிக்கலாம்."